முதல் மானுக்கு மூன்று நிமிடம்

"தலைய ஆட்டாதீங்க ஆர்விட். கத்திரி காதுல பட்டுச்சுன்னா அப்புறம் என்னைச் சொல்லக்கூடாது," என்றார் சலூன்காரர்.

ஆர்விட் பெல்கோலா தலையை ஆட்டவில்லை. அது தானாகவே ஆடியது. சலூன்காரர் சொன்ன செய்தி அப்படிப்பட்டது.

"என்ன சொன்னீங்க? இன்னொரு வாட்டி சொல்லுங்க."

"உங்க மச்சான் ரெய்னோ நேத்து வந்திருந்தாரு. நெஞ்சு ஆபரேஷனுக்கு அப்புறம் இப்பத்தான் மொத தடவையா முடி வெட்ட வர்றாரு. வெள்ளிக்கிழமை விருந்துல அவரும் பேசறாராம். 'எழுபத்தொண்ணுல நடந்த ஒரு விஷயத்த முப்பத்தேழு வருஷமா மனசுல போட்டுப் பூட்டி வச்சிருக்கேன், அன்னைக்கு எல்லார் முன்னாடியும் சொல்லிரப் போறேன்'னாரு. என்ன விஷயம்னு கேட்டேன். 'நம்ம ஆர்விட்டோட மொத மான் விஷயம்'னாரு. அதோட வாயை மூடிக்கிட்டாரு."

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

"இல்ல. ஆனா நல்லாச் சிரிச்சாரு. பின்னாடி இன்னும் கொஞ்சம் குறைக்கட்டுமா?"

ஆர்விட் பாதி வெட்டின தலையோடு எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நவம்பர் பதினைந்து மான் வேட்டையின் முதல் நாள். அன்றைக்கு எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் கிடையாது, கல்யாணம் கிடையாது, முடிந்தவரை யாரும் சாவதும் கிடையாது. சீடர் ஓடை வேட்டை முகாமுக்கு இந்த வருடம் அறுபது வயது. அதைக் கொண்டாட, முதல் நாளுக்கு முந்தின மாலை சர்ச் கூடத்தில் விருந்து என்றும், உறுப்பினர் ஒவ்வொருவரும் தன் முதல் மானைப் பற்றி மூன்று நிமிடம் பேச வேண்டும் என்றும் காரியதரிசி லெம்பி அறிவித்திருந்தாள். மூன்று நிமிடம் என்றதும்தான் ஆண்கள் முணுமுணுத்தார்கள். முதல் மான் விஷயத்தில் எங்கள் ஆட்களுக்குத் தொண்டையைக் கனைக்கவே மூன்று நிமிடம் ஆகும்.

ஆர்விட் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். ஐம்பத்து மூன்று வயது. சாதுவான மனிதர். அவருக்கென்று ஊரில் ஒரு பெருமை உண்டென்றால் அது அந்த முதல் மான்தான். பதினாறு வயதில், ஒரே குண்டில், ஆறு கிளைக் கொம்போடு. ஆரம்பத்தில் நாற்பது அடி தூரத்தில் நின்ற மான், வருடங்கள் போகப் போகப் பின்னால் நகர்ந்து இப்போது நூற்று அறுபது அடிக்குப் போய்விட்டது. நடுவில் எப்போதோ பனியும் கொட்டத் தொடங்கியிருந்தது. கொம்பின் கிளைகள் மட்டும் கூடவில்லை. தலை அவர் வீட்டு டிவிக்கு மேலே தொங்குகிறது, யார் வேண்டுமானாலும் எண்ணிப் பார்த்துவிடலாம்.

உண்மை என்னவென்று ஆர்விட்டுக்குத் தெரியும். மான் நின்ற இடத்தை விட்டு அசையவே இல்லை, குறி பார்க்கும்போது துப்பாக்கி முனைதான் பறவை வாலைப் போல ஆடியது. சுட்டார். அவருடைய குண்டு பக்கத்தில் நின்ற பிர்ச் மரத்தில் பட்டு, வெள்ளைப் பட்டை பிய்ந்து பறந்ததைத் தன் இரண்டு கண்ணாலும் பார்த்தார். அதே நொடியில் எதிர்ப்பக்கச் சரிவிலிருந்து இன்னொரு வெடிச் சத்தம். மான் விழுந்தது. எதிர்ச் சரிவில் உட்கார்ந்திருந்தது ரெய்னோ ஒருவன்தான். மூச்சிரைக்க ஓடி வந்தவன், "அடிச்சுட்டியேடா! நான் சுடவே இல்ல, ஒன்னோட வெடிதான் எதிரொலிச்சிருக்கும்!" என்று ஆர்விட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

அப்போது ரெய்னோ ஆர்விட்டின் அக்கா ஐலியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தான். அக்காவைக் கட்டிக்கொள்வதற்காகத் தன் மானைத் தம்பிக்கு விட்டுக்கொடுக்கிறான் என்று ஆர்விட்டுக்குப் புரிந்தது. பதினாறு வயதுப் பையன் என்ன செய்வான்? வாங்கிக்கொண்டான். அரசாங்கம் ஆளுக்கு ஒன்று தருகிற, தன் பேர் போட்ட வேட்டைச் சீட்டைக் கொம்பில் கட்டினான். முதல் மானைச் சுட்டவன் தானே வயிற்றைக் கிழித்துச் சுத்தம் செய்ய வேண்டும் என்பது வழக்கம். முகாம் சமையல்காரர் ஓன்னி கத்தியைக் கையில் கொடுத்ததும் ஆர்விட் மயங்கி விழுந்துவிட்டான். அந்த வேலையை ஓன்னியே முடித்தார். கண் விழித்தபோது நெற்றியில் மான் ரத்தப் பொட்டு, சுற்றிலும் கைதட்டல்.

சீடர் ஓடையில் இரண்டு சட்டங்கள் உண்டு. குறி தவறினவனின் சட்டை வாலைக் கத்தரித்து, பேரும் வருடமும் எழுதி உத்தரத்தில் ஆணியடிப்பார்கள். அது சிரித்துவிட்டுப் போகிற விஷயம். இரண்டாவது சிரிக்கிற விஷயமில்லை. அடுத்தவன் மானுக்குத் தன் சீட்டைக் கட்டினவன் அதற்கப்புறம் முகாம் வாசலை மிதிக்கக்கூடாது. அறுபது வருடத்தில் ஒரே ஒருவன், வெர்னர் என்பவன், அப்படி வெளியேற்றப்பட்டான். இன்றைக்கும் அவன் சர்ச்சில் உட்கார்ந்தால் அந்த பெஞ்சு முழுக்க அவனுக்குத்தான்.

ஆர்விட் சலூனிலிருந்து நேராக வீட்டுக்குப் போய், மனைவி சில்வி மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்டிருந்த ஆறு பாஸ்டிகளைத் துணியில் சுற்றிக்கொண்டு ரெய்னோ வீட்டுக்குக் கிளம்பினார்.

"வா மாப்ள! நானே உன்னக் கூப்பிடணும்னு இருந்தேன்," என்றார் ரெய்னோ. ஆபரேஷனில் இளைத்துப் போயிருந்தார். குரல் மட்டும் இளைக்கவில்லை. "வெள்ளிக்கிழமை அந்த மான் கதைய..."

"மச்சான், ஓடையோரத்துப் பரண் இருக்கே, என்னோடது. இந்த வருஷம் நீங்க உக்காருங்க," என்றார் ஆர்விட் அவசரமாக.

"அதத்தான் எம்பத்தஞ்சுலயே எனக்குக் குடுத்துட்டியே."

"அப்ப என்னோட பனி தள்ளற மெஷின வச்சுக்கங்க."

"தெனம் காலைல வந்து நீயே தள்ளிட்டுப் போற. எனக்கெதுக்குடா மெஷினு?"

ஆர்விட் யோசித்துப் பார்த்தார். கொடுப்பதற்கு இனி எதுவும் பாக்கி இல்லை.

"ஏன்டா இவ்ளோ நல்லவனா இருக்க? சின்ன வயசுலேருந்தே நீ இப்படித்தான்," என்று ரெய்னோ கண் கலங்கினார். "டாக்டர் சொன்னாரு, 'மனசுல எதையும் வச்சுப் புழுங்காதீங்க'ன்னு. அதான் மாப்ள, வெள்ளிக்கிழமை கொட்டிரப் போறேன். நீ தப்பா எடுத்துக்கக் கூடாது."

ஆர்விட் பாஸ்டியை வைத்துவிட்டு ஓடி வந்தார். பேச்சை நிறுத்த ஒரே வழி லெம்பிதான் என்று தோன்றியது. போன் போட்டார்.

"லெம்பி அக்கா, வெள்ளிக்கிழமை மச்சானைப் பேச விட வேண்டாம். அவருக்கு உடம்பு அவ்வளவு சுகமில்ல."

"ஐயையோ! என்ன பண்ணுது?"

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். "மூச்சு வாங்குது. நின்னா தள்ளாடறாரு. யார்கிட்டயும் சொல்லாதீங்க."

லெம்பி யாரிடமும் சொல்லவில்லை, சர்ச் பெண்கள் சங்கத்தில் மட்டும் சொன்னாள். சாயங்காலத்துக்குள் ரெய்னோ வீட்டுக்குப் பதினொரு பாத்திரத்தில் சாப்பாடு வந்து இறங்கியது. பாதிரியார் ஜெபப் புத்தகத்தோடு வந்தார். தீயணைப்பு வண்டி ஆக்சிஜன் உருளையோடு வந்தது. எல்லோரும் உள்ளே ஓடித் தேடியபோது நோயாளி வீட்டுக்குப் பின்னால் விசிலடித்தபடி விறகு பிளந்துகொண்டிருந்தார்.

ராச்சாப்பாட்டுக்கு முன்னால் ஆர்விட் வீட்டுப் போன் அலறியது.

"டேய் தம்பி," என்றாள் ஐலி அக்கா. அவள் அமைதியாகப் பேசினால்தான் பயப்பட வேண்டும். அமைதியாகத்தான் பேசினாள். "எம் புருஷன் சாகக் கெடக்கறாருன்னு ஊருக்குள்ள சொன்னது யாருடா?"

"நான் மச்சானைச் சொல்லலக்கா..."

"பின்ன யாரச் சொன்ன?"

ஆர்விட் சுவரைப் பார்த்தார். டிவிக்கு மேலிருந்து மான் அவரைப் பார்த்தது. "என்னைத்தான் சொன்னேன். மூச்சு வாங்கறது எனக்கு. லெம்பி அக்கா மாத்திப் புரிஞ்சுக்கிட்டாங்க."

ஐலி அழத் தொடங்கினாள். "அப்பாவும் இப்படித்தான்டா, கடைசி வரைக்கும் யார்கிட்டயும் சொல்லாம..."

"அக்கா, அவ்ளோ ஒண்ணும் இல்ல..."

"நீ பேசாத! உனக்கு மூச்சு வாங்கும்!"

சும்மா போகிற ஓணானைப் பிடித்து மடியில் கட்டிக்கொண்டவனுக்கு, அது குடைகிறது என்று கத்தக்கூட உரிமை இல்லை. போனை வைத்துத் திரும்பினால் சில்வி நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் அவருடைய வெண்ணெய்க் கிண்ணம். இன்னொரு கையில் அவருடைய காபிக் கோப்பை. இரண்டும் அவரிடமிருந்து பறிக்கப்பட்டவை.

"எத்தனை நாளாங்க மறைச்சீங்க?"

"சில்வி, நான் நல்லாத்தான் இருக்கேன்."

"பாதித் தலை வெட்டாம வீட்டுக்கு வந்தப்பவே நெனச்சேன், மனுசனுக்கு என்னமோ ஆகிப்போச்சுன்னு."

மறுநாள் காலை டாக்டரிடம் இழுத்துப் போனாள். டாக்டர் உடம்பெங்கும் ஒயரை ஒட்டிப் படம் எடுத்தார். "இதயம் நல்லாத்தான் இருக்கு. ஆனா குதிரை மாதிரி ஓடுது. ஏதாவது மனக்கவலை உண்டா?" என்று கேட்டார்.

"இல்ல டாக்டர்," என்றார் ஆர்விட். இதயம் இன்னும் வேகமாக ஓடியது. டாக்டர் அதையும் குறித்துக்கொண்டார்.

"எதுக்கும் இந்த வருஷம் காட்டுக்குப் போக வேண்டாம்," என்றார்.

சில்வி துப்பாக்கி அலமாரியின் சாவியை நூலில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். அன்று முழுக்க ஆர்விட்டுக்கு உப்பில்லாத ஓட்ஸ் கஞ்சி.

மதியம் லெம்பி வந்தாள். பயங்கரமான கனிவோடு வந்தாள். "பேச்சு வரிசைய மாத்திட்டேன் ஆர்விட். ரெய்னோ திடமா இருக்காரு, அதனால அவரு மொதல்ல பேசறாரு. நீ கடைசில, உக்காந்துக்கிட்டே பேசினாப் போதும். சாய்வு நாற்காலியும் கம்பளியும் ஏற்பாடு பண்ணிட்டேன்."

ரெய்னோவுக்கு முன்னால் பேசித் தப்பிக்கலாம் என்று வைத்திருந்த கடைசி யோசனையும் அதோடு போயிற்று.

வெள்ளிக்கிழமை மாலை சர்ச் கூடத்தில் எண்பது பேர் கூடினார்கள். எல்லோர் தட்டிலும் மான்கறிக் குழம்பு, சூட்டில் வாட்டின பாலாடைக்கட்டி, மேசை நிறைய பழம் வைத்துச் சுட்ட பணியாரம். ஆர்விட் தட்டில் மட்டும் வெறுமனே வேகவைத்த மஞ்சள் டர்னிப் கிழங்கு. கம்பளியைக் கழுத்துவரை போர்த்தி, மேடைக்குப் பக்கத்தில் அவரை உட்கார வைத்திருந்தார்கள். வருகிறவர்கள் எல்லாம் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். பாதிரியார் ஜெபத்தில் அவர் பெயரை இரண்டு முறை சொன்னார்.

"நம்ம ரெய்னோ பேசுவார்," என்றாள் லெம்பி, கடிகாரத்தைப் பார்த்தபடி.

ரெய்னோ எழுந்தார். சட்டை தோளில் தொளதொளவென்று தொங்கியது. மூன்று மாதத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரி வராந்தாவில், இந்த மனுசன் பிழைத்தால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்று ஆர்விட் வேண்டிக்கொண்டிருந்தார். அந்த மனுசன் வாயாலேயே தன் திருட்டு வெளியே வர வேண்டுமா? மானையும் விட்டுக்கொடுத்து, இத்தனை வருடம் காட்டிக்கொடுக்காமலும் இருந்த மனிதனை, கடைசியில் காட்டிக்கொடுத்தவனாகவும் ஆக்க வேண்டுமா? ஆர்விட்டுக்குத் தன் மேலேயே வெட்கமாக இருந்தது.

"எழுபத்தொண்ணு, நவம்பர் பதினஞ்சு," என்று தொடங்கினார் ரெய்னோ. "நானும் நம்ம ஆர்விட்டும்..."

"நிறுத்துங்க மச்சான்!"

கம்பளி கீழே விழ, ஆர்விட் எழுந்து நின்றார். சில்வி, "ஐயோ, நெஞ்சு!" என்று கத்தினாள். தீயணைப்புக்காரர் ஆக்சிஜன் உருளையைத் தேடினார்.

"நெஞ்சுக்கு ஒண்ணுமில்ல. யாருக்கும் ஒண்ணுமில்ல. எல்லாம் நான் சொன்ன பொய்," என்றார் ஆர்விட். "அந்த மான நான் சுடல. என் குண்டு பிர்ச் மரத்துல பட்டுச்சு. சுட்டது ரெய்னோ மச்சான். நான் அவரோட மானுக்கு என் சீட்டக் கட்டினேன். இத்தனை வருஷமும் உங்க எல்லாரையும் ஏமாத்தினேன். சட்டப்படி என்னை வெளிய அனுப்பிடுங்க. அவர் வாயால அதச் சொல்ல வச்சுடாதீங்க."

யாரோ ஒருவரின் முள்கரண்டி தட்டில் விழுந்தது. ஐலி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆர்விட்டுக்கோ முப்பத்தேழு வருடமாக முதுகில் கிடந்த மூட்டையை இறக்கி வைத்தது போலிருந்தது. இனி சர்ச்சில் வெர்னர் பெஞ்சில்தான் இடம் என்றாலும் பரவாயில்லை.

"என்னடா உளர்ற?" என்றார் ரெய்னோ.

"போதும் மச்சான். இனிமேலும் விட்டுக்கொடுக்காதீங்க."

"யார்ரா விட்டுக்கொடுத்தது? என் குண்டு எங்க போச்சுன்னு எனக்குத் தெரியாதா? எழுந்திருக்கறப்ப கால் வழுக்கி மல்லாந்து விழுந்தேன். விழுந்த வேகத்துல வெடிச்சுது. நான் சுட்டது வானத்தைடா!"

"வானத்தையா?"

"பின்ன? தப்பவிட்டேன்னு தெரிஞ்சா உங்கக்கா முன்னாடியே என் சட்டை வால வெட்டிருவாங்கன்னு பயந்துதான், சுடவே இல்லைன்னு சொன்னேன். அந்தப் பொய்ய ஒத்துக்கத்தான் இப்ப எழுந்து நின்னேன். அது உன் மான்!"

"இல்ல மச்சான், உங்க மான்!"

"மரியாதையாச் சொல்றேன், உன் மான்டா அது!"

"மரத்துப் பட்டை பறந்தத ரெண்டு கண்ணால பாத்தேன்!"

"பட்டைய ஒரசிட்டுப் போய் மான்மேல பட்டிருக்கும்!"

"வானத்துக்குப் போன குண்டு திரும்பி வந்து விழுந்திருக்கும்!"

எங்கள் ஊரில் ஒரு மானுக்கு இரண்டு பேர் சண்டை போட்டு எல்லோரும் பார்த்திருக்கிறோம். எனக்கு வேண்டாம், உனக்குத்தான் என்று இரண்டு பேர் முஷ்டியை ஓங்கியது அன்றைக்குத்தான். கூடமே இரண்டாகப் பிரிந்தது. பாதிப் பேர் "ஆர்விட்!" என்றார்கள். பாதிப் பேர் "ரெய்னோ!" என்றார்கள். பாதிரியார் இரண்டு பக்கமும் தலையாட்டினார். சில்வி மட்டும் கழுத்திலிருந்த சாவியைக் கழற்றிக்கொண்டே, "அப்ப உடம்புக்கு ஒண்ணும் இல்லியா? ரெண்டு நாளா உங்களுக்குத் தனியாக் கஞ்சி காய்ச்சினேனே!" என்று புலம்பினாள்.

லெம்பி மேசையைத் தட்டினாள். அவளுடைய ஒரு கையில் நடவடிக்கைப் புத்தகம். இன்னொரு கையில், தப்பவிட்டவர்களின் சட்டைக்காகத் தயாராக வைத்திருந்த பெரிய கத்திரிக்கோல். "நான் புஸ்தகத்துல யாருன்னு எழுதறது? ஒரு மானுக்கு ஒரு பேருதான் எழுத முடியும்."

"ஓன்னி அண்ணனக் கேளுங்க!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். "வயித்தக் கிழிச்சது அவர்தானே? ஆர்விட் இருந்தது மானுக்கு இடப்பக்கம், ரெய்னோ வலப்பக்கம். குண்டு நுழைஞ்ச ஓட்டை எந்தப் பக்கம் இருந்துச்சோ, அந்தப் பக்கத்து ஆளுதான் சுட்டது."

எண்பது தலைகளும் திரும்பின. லெம்பியின் கணவர் ஓன்னி, எழுபத்தேழு வயது, காது பாதி மந்தம், இந்தக் கலவரம் எதுவும் தெரியாமல் மூலையில் உட்கார்ந்து பழப் பணியாரத்தைத் தின்றுகொண்டிருந்தார்.

லெம்பி அவருடைய நல்ல காதில் குனிந்து கத்தினாள். "ஆர்விட்டோட மொத மான்! எழுபத்தொண்ணு! குண்டு ஓட்டை எந்தப் பக்கம் இருந்துச்சு?"

ஓன்னி மென்று விழுங்கினார். "அந்த மானா? அதுல ஓட்டையே இல்லியே. புரட்டிப் புரட்டிப் பாத்தேன். விலா எலும்புதான் ஒரு பக்கம் பூரா நொறுங்கிக் கெடந்துச்சு."

ஆர்விட் ரெய்னோவைப் பார்த்தார். ரெய்னோ ஆர்விட்டைப் பார்த்தார்.

"குண்டே படலைன்னா அது எப்படி அண்ணே செத்துச்சு?" என்றார் ஆர்விட்.

ஓன்னி தட்டை மெதுவாகத் தள்ளி வைத்துவிட்டு, பக்கத்தில் நின்ற மனைவியை நிமிர்ந்து பார்த்து, அவள் கையிலிருந்த கத்திரிக்கோலைப் பதமாக வாங்கித் தூர வைத்தார்.

"லெம்பி, நீ கோவிச்சுக்கக் கூடாது... அன்னைக்கு விடியக்காலைல முகாமுக்குப் போற வழியில, உங்கப்பா வாங்கிக் குடுத்த புது வண்டிய மரத்துல மோதி நசுக்கிட்டேன்னு சொன்னேன் பாரு, அது மரமில்ல."